விடுவிப்புக் கடிதம் சொல்லாத வேலை

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை 143 நிறுவனங்களுக்கு வேலை கேட்டு விண்ணப்பித்தேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு தவறு என்பது, பின்னர் ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்படி எண்ணிப் பார்க்க எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஏனெனில், எண்ணுவதுதான் என் தொழில்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாகனங்களுக்கான பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 21 ஆண்டுகள் பணியாற்றினேன். 2019-இல் நாடு முழுவதும் வாகன விற்பனை மாதந்தோறும் சரிந்ததும், 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வரவிருந்த பி.எஸ்.6 புகை அளவு விதிகளுக்காகத் தயாரிப்பாளர்கள் உற்பத்தியைச் சுருக்கியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் ஆலையில் இரண்டு லைன்கள் நிறுத்தப்பட்டன. முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். பிறகு எங்கள் முறை வந்தது. அப்போது எனக்கு 46 வயது. கையில் தரப்பட்ட விடுவிப்புக் கடிதத்தில் நான்கு வரிகள் இருந்தன: பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகும் நாள். நடத்தை நன்று என்று ஐந்தாவது வரியும் இருந்ததாக ஞாபகம்.

பழைய கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில், நாட்டின் மிகப் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டி.சி.எஸ். தன் பணியாளர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களே பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்னர், மறைமலைநகரில் 2022-இல் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு நிறுவனம், அதே வளாகத்தில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் தயாரிக்கத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆட்குறைப்பு, சட்டம், புதிய முதலீடு என்று மூன்றும் தனித்தனிச் செய்திகளாகவே வந்தன. நாற்பதைக் கடந்து வேலையிழந்த ஒருவர் அடுத்த வேலைக்கு எதைக் காட்டி நிற்பார் என்ற கேள்வி மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. அதைப் பற்றிய விவாதம்தான் காணவில்லை.

என் கதைக்குத் திரும்புகிறேன். எங்கள் ஆலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதே ஆட்குறைப்பில் வெளியேறியவர், அந்த டிசம்பரில் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு எங்கும் பதிலே இல்லை என்று அவரிடமும் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "சார், நம்ம லைன்ல ஒரே கோளாறு நூறு தடவை வந்தா, நூத்தியோராவது பீஸையும் அப்படியேதான் அனுப்புவீங்களா?"

அன்றிரவு, ஆலையில் செய்வதுபோல ஒரு தாளில் கட்டம் போட்டேன். அனுப்பிய விண்ணப்பங்கள் 143. தொலைபேசி அழைப்பு வந்தவை 9. நேரில் வரச் சொன்னவை 4. சம்பளம் பற்றிப் பேசும் அளவுக்குப் போனவை 2. வேலை கிடைத்தது பூஜ்யம். அதாவது, 134 விண்ணப்பங்கள் முதல் வாசலிலேயே கழிக்கப்பட்டிருந்தன. தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்த எவருக்கும் அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று உடனே புரியும். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முதல் கட்டத்திலேயே தள்ளுபடி ஆகிறதென்றால், கடைசிக் கட்டத்தைச் சீர்செய்வதில் பயனில்லை. நானோ அந்த ஐந்து மாதமும் கடைசிக் கட்டத்தைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். நேர்காணலில் தடுமாறுகிறேன் என்று முடிவுகட்டி, 6,000 ரூபாய் செலுத்தி ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தேன். என்னைவிட இருபது வயது இளையவர்களோடு அமர்ந்து, பொழுதுபோக்கு என்ன என்ற கேள்விக்கு விடை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாள் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. ஆனால், அது வேறொன்றைச் செய்தது. பழுது இருப்பது என்னிடம் அல்ல, நான் அனுப்பும் காகிதத்தில் என்று காட்டியது. ஐந்து மாதங்களாகத் தன்னையே பழுதான பொருளாக எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனிதனுக்கு அது சிறிய செய்தி அல்ல.

ஜப்பானிய வாகன ஆலைகளிலிருந்து நம் ஆலைகளுக்கு வந்த வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் ஆலைகளில் அதை 'ஒய்-ஒய்' என்பார்கள். ஒரு பிழைக்குக் காரணம் கேட்டு, அந்தக் காரணத்துக்குக் காரணம் கேட்டு, ஐந்து முறையேனும் தோண்டிப் பார்ப்பது. ஏன் அழைப்பு வரவில்லை? காகிதத்தைப் பார்ப்பவருக்கு அவருடைய தேவை அதில் தென்படவில்லை. ஏன் தென்படவில்லை? அதில் 'உதவி மேலாளர், தரக்கட்டுப்பாடு, வாகன உதிரிபாகம், 21 ஆண்டுகள்' என்றுதான் இருந்தது. ஏன் அப்படி எழுதினேன்? விடுவிப்புக் கடிதத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன். ஏன் அதற்கு மேல் எழுதவில்லை? என் பதவிதான் என் வேலை என்று நானே நம்பியிருந்தேன். ஏன் நம்பினேன்? 21 ஆண்டுகளில் நான் செய்த வேலை என்ன என்று எவரும் ஒருமுறைகூட எழுதி வைத்ததில்லை, நானும் எழுதியதில்லை. ஐந்தாவது 'ஏன்' என்னை விட்டு வெளியே போய்விட்டதை வாசகர்கள் கவனிக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுத இரண்டு நாட்கள் ஆயின. வாடிக்கையாளர் ஆலையிலிருந்து புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பழுதான சரக்கைப் பிரித்து நிறுத்துவது. காரணம் கண்டு எழுத்தில் பதில் தருவது. மூலப்பொருள் தருவோரின் பட்டறைக்குப் போய், அவர்கள் மறைக்க நினைப்பதைக் கண்டுபிடிப்பது. அளவு கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று காலந்தோறும் சோதிப்பது. வரைபடம் வாசிக்கத் தெரியாமல் சேர்ந்த இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. உற்பத்தி மேலாளரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு லைனை நிறுத்தச் சொல்வது. இப்படிப் பதினொன்று வந்தது. அவற்றில் வாகனத் தொழிலுக்கு மட்டுமே உரியவை மூன்று. மற்ற எட்டும், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் எந்த ஆலைக்கும் பொருந்தும். பம்பர் முனைக்குப் பொருந்துவது மருந்தேற்றும் ஊசிக்குழலுக்கும் பொருந்தும். இன்ஜெக்ஷன் மோல்டிங் எந்திரத்துக்குத் தான் வார்ப்பது காருக்கா மருத்துவமனைக்கா என்று தெரியாது.

அடுத்த இரண்டு மாதங்களில் 22 விண்ணப்பங்கள் மட்டுமே அனுப்பினேன். ஒவ்வொன்றும் அந்த ஆலைக்கென்றே எழுதியது. ஏழு இடங்களில் அழைத்தார்கள். மருத்துவமனைகளுக்கான பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் சிறிய ஆலை ஒன்றில் 2020 மார்ச் முதல் வாரத்தில் சேர்ந்தேன். முந்தைய சம்பளத்தில் கால் பங்கு குறைவு. மூன்றே வாரத்தில் பொதுமுடக்கம் வந்தது. மருத்துவப் பொருள் என்பதால் எங்கள் ஆலை ஓடியது. வாகன ஆலைகள் நின்றன. அதை என் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டேன். அது முழுக்க அதிருஷ்டம்.

வேலைதேடும் ஒருவர் தன் தொழிலில் கற்றதைத் தன் தேடலுக்கே பயன்படுத்துவது இயல்பான காரியம்போலத் தோன்றும். நடைமுறையில் அது மிக அரிதாகவே நடக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகள் திட்ட மேலாளராக இருந்த உறவினர் ஒருவர், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வாரம் தவறாமல் முன்னேற்ற அறிக்கை அனுப்பியவர், இடர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்தவர், வேலையிழந்த பின் நள்ளிரவுகளில் கைப்பேசியில் கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். எத்தனை என்று கேட்டேன். தெரியாது என்றார். கொள்முதல் பிரிவில் இருந்தவர் சம்பளம் பேசத் தெரியாமல் விழிக்கிறார். விற்பனைப் பிரதிநிதி தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லத் தயங்குகிறார். பிறருக்காகச் செய்யும்போது கைவருவது, தனக்காக என்று வரும்போது கைவிட்டுப் போகிறது.

இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற சிற்றூர். அங்கிருந்த ஒரே துணி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகிய ஆய்வாளர்கள் அந்த ஊரை நெருங்கி ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்டார்கள். வேலை போய்விட்டது, நேரம் ஏராளமாகக் கிடைத்தது, ஆகவே மக்கள் நிறையப் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடந்ததோ வேறு. கட்டணமில்லாமல் கிடைத்தபோதும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள்; காரணமின்றி நின்று நின்று போனார்கள். அன்றைய பொழுதை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது, எழுந்தது, உண்டது, உறங்கியது தவிர இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்தோம் என்று பலரால் சொல்ல முடியவில்லை. பெண்களின் நடை அப்படித் தளரவில்லை; வீட்டு வேலை அவர்களை விடவில்லை.

ஆலைச் சங்கு பிடித்து வைத்திருந்த நேர ஒழுங்கு, சங்கு நின்றதும் கலைந்துவிடுகிறது. திறன் கையில் இருக்கிறது. அதைக் கட்டிப்போட்டிருந்த ஷிப்ட், கூட்டம், பதிவேடு, கேள்வி கேட்கும் மேலாளர் ஆகியவை இல்லை. எனவே, காலை ஒன்பது மணிக்கு மேசையில் உட்கார்ந்து, அன்றைய கணக்கை ஒரு நோட்டில் எழுதுவது அற்பமான அறிவுரையாகத் தோன்றினாலும், அதுதான் முதல் மருந்து. என்னைப் பொறுத்தவரை, பழைய ஆலையின் தினசரி அறிக்கைப் படிவம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில்தான் எழுதினேன். தேதி, ஷிப்ட் என்ற கட்டங்களைக்கூட நிரப்பினேன் என்றால் சிரிப்பு வரலாம்.

தொடர்புகள் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம் நடத்திய ஆய்வு 1970-களில் வெளியானது. பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர்கள் மூலமே வேலை பெற்றிருந்தனர். அந்தத் தெரிந்தவர்களோ நெருங்கிய நண்பர்களோ உறவினர்களோ அல்லர். பெரும்பாலும் எப்போதாவது சந்திப்பவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். ஆலைத் தொழிலில் இதன் பொருள் தெளிவு. எனக்கு அந்த மருத்துவப் பொருள் ஆலையில் ஆள் தேவை என்று சொன்னவர் அச்சு பழுதுபார்க்க எங்கள் பழைய ஆலைக்கு வந்துபோகும் ஒரு பட்டறைக்காரர். அவரோடு 12 ஆண்டுகள் சண்டைதான் போட்டிருக்கிறேன். சரக்கு லாரி ஏற்பாட்டாளர், அளவுக் கருவி சோதிப்பவர், ஆண்டுக்கு ஒருமுறை வரும் தணிக்கையாளர் ஆகியோர் பத்து ஆலைகளின் வாசலை அறிந்தவர்கள். நாமோ வேலை போனதும் முதலில் மைத்துனருக்குத்தான் தொலைபேசி செய்கிறோம்.

ஆனால், இந்த இடத்தில் ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நம் ஊரில் தெரிந்தவர் என்ற சொல்லுக்குள் சாதியும் சொந்த ஊரும் உட்கார்ந்திருக்கின்றன. தணிக்கையாளரோடு தேநீர் குடிக்கும் இடத்தில் நான் இருந்தேன். லைனில் நின்று எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நிறுவனப் பேருந்தில் ஊர் திரும்பும் ஒரு தொழிலாளிக்கு அப்படி எவரையும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உன்னிடம் உள்ள திறனை நீயே எடுத்துப் பயன்படுத்து என்று சொல்வது, என்னைப் போன்றவர்களுக்குப் பயன் தரும். எல்லோருக்கும் அதுவே போதும் என்று சொன்னால், வேலையிழந்தவரின் தலையிலேயே பழியையும் ஏற்றிவிடுவதாகும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மூடப்பட்ட ஒரு மின்னணு ஆலையில் எட்டு ஆண்டுகள் பணியாற்றிய பெண் ஒருவரை எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்து 18 வயதில் சேர்ந்தவர். ஆலை மூடிய பின் இழப்பீட்டுத் தொகையோடு சொந்த ஊர் திரும்பி, இப்போது துணிக்கடை ஒன்றில் கவுன்டரில் நிற்கிறார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், 'ஆபரேட்டர்' என்ற ஒரே சொல்தான் அவரிடமிருந்து வருகிறது. அரைமணி நேரம் பேசிய பிறகு தெரிந்தது இது: உருப்பெருக்கியின் கீழே கண்ணுக்குத் தெரியாத பற்றவைப்புப் பிழைகளைக் கண்டுபிடிப்பது, நிலைமின்சாரம் பாயாதபடி பாகங்களைக் கையாள்வது, பிந்தைய ஆண்டுகளில் 30 பேர் கொண்ட லைனுக்குப் பொறுப்பாளராக இருந்து, யார் வரவில்லை, எந்த இடத்தில் தேங்குகிறது என்று பார்த்து ஆட்களை மாற்றி அமர்த்துவது. இந்த மாநிலத்தின் மின்னணு ஆலைகள் இன்று தேடிக்கொண்டிருக்கும் திறன்கள் இவை. நோக்கியா 2014 நவம்பரில் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை நிறுத்தியபோது வெளியேறிய ஆயிரக்கணக்கானோரில் பெரும்பகுதி இவரைப் போன்ற இளம்பெண்கள்தாம். அந்த வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கி, கைப்பேசி மின்னூட்டிகள் தயாரிக்கிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கைவந்த திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாடு, பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பகுதியாக 2015-இலிருந்து இருக்கிறது. நல்ல எண்ணத்தில் உருவானது. ஆனால், அது கொத்தனார், தையற்காரர், எலக்ட்ரீஷியன் போன்ற பெயருள்ள வேலைகளுக்குச் சான்று தருவதில் காட்டும் தெளிவை, 'முப்பது பேர் கொண்ட லைனைத் தேங்காமல் ஓட்டியவர்' என்பதற்குக் காட்டுவதில்லை. அதைவிட முக்கியமாக, ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அந்தச் சான்றைக் கேட்பதே இல்லை. நம் வேலைவாய்ப்பு அலுவலகங்களோ கல்வித் தகுதியையும் பதிவு மூப்பையும் பார்க்கப் பழகியவை. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, இடையில் நீ என்ன கற்றாய் என்ற கேள்வி முதன்மையாக எழுவதில்லை. பத்து ஆண்டு ஆலை அனுபவமுள்ள பெண் இன்றும் அந்தப் பதிவேட்டில் முதலில் பிளஸ் டூ தேறியவர்தான்.

புதிய சட்டத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மறுதிறன் நிதியம் ஒன்றை ஏற்படுத்துகிறது. ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் ஊதியத்தை வேலையளிப்பவர் இந்த நிதியத்தில் செலுத்த வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். பணிக்காலத்துக்கு ஏற்ப வழங்கப்படும் இழப்பீட்டுக்கு மேல் கிடைக்கும் தொகை இது என்பதால் வரவேற்கத்தக்கதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதம் 20,000 ரூபாய் வாங்கியவருக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய். இரண்டாண்டு பணியாற்றினாலும் இருபதாண்டு பணியாற்றினாலும் அதே 15 நாள்தான். மறுதிறன் என்று பெயர் வைத்துவிட்டு, எந்தத் திறனிலிருந்து எந்தத் திறனுக்கு என்று கேட்க எந்த ஏற்பாடும் இல்லாமல் பணத்தை மட்டும் கணக்கில் போட்டால், அது வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும்தான் போகும். போவதில் தவறும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும் அந்தத் தொகுப்பின்படி தொழிலாளி அல்லர். வேலையிழந்த காப்பீட்டாளர்களுக்கு 90 நாட்கள் வரை சராசரி ஊதியத்தில் பாதியைத் தரும் அடல் திட்டம் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தில் இருக்கிறது. ஆனால் கழகத்தின் ஊதிய வரம்பு 2017-இலிருந்து 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஆக, 45 வயதில் நடுநிலைப் பொறுப்பிலிருந்து வெளியேற்றப்படும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியும் அல்லர், காப்பீட்டாளரும் அல்லர். டி.சி.எஸ். அறிவிப்பு யாரைக் குறிவைத்ததோ அந்த அடுக்கு இதுதான்.

பெரும் செலவில்லாத ஒரு வழி ஏற்கெனவே நம் சட்டத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளில், நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் பணியிலிருந்து விலகும்போது பணிச் சான்றிதழ் பெற உரிமையுள்ளவர் என்று ஒரு விதி உண்டு. அந்தச் சான்றிதழில் என்ன இருக்க வேண்டும் என்று விதி விரித்துச் சொல்லவில்லை. ஆகவே, எனக்குக் கிடைத்ததுபோல நான்கு வரிகளோடு முடிந்துபோகிறது. எந்தெந்த எந்திரங்களை இயக்கினார், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தார், எந்தப் பிழைகளைக் கண்டறியும் தகுதி பெற்றிருந்தார் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று வரையறுத்தால், ஆலைக்கு எந்தச் சுமையும் இல்லை. ஏனென்றால் அந்த விவரங்கள் அனைத்தும் அங்கே இருக்கின்றன. எந்தத் தொழிலாளிக்கு எந்த வேலை எந்த அளவுக்குத் தெரியும் என்று காட்டும் திறன் அட்டவணை, வாகன உதிரிபாக ஆலைகள் பலவற்றில் லைன் முகப்பிலேயே தொங்கும். வட்டத்தை நான்காகப் பிரித்துக் கால், அரை, முக்கால், முழுமை என்று கறுப்படித்து வைத்திருப்பார்கள். வாடிக்கையாளரின் தணிக்கையாளருக்குக் காட்டுவதற்காக மாதந்தோறும் நானே அதைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தணிக்கையாளருக்குக் காட்டப்படும் அந்த அட்டவணையில் இருப்பது தொழிலாளியின் வாழ்நாள் சேமிப்பு. அதன் நகலை அவரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

புதிய தொகுப்பில் நிலையாணைகள் 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே கட்டாயம். சிறிய ஆலைகளும், எல்லா ஆலைகளிலும் பெருகிவிட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதற்கு வெளியே நிற்பார்கள். மாநில அரசு விரும்பினால், தன் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும், முதலீட்டாளர்களுடன் செய்யும் ஒப்பந்தங்களிலும் இந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்க முடியும். மின்கட்டணச் சலுகையும் நிலமும் தருகிறவர்களுக்கு ஒரு பக்கம் கேட்கும் உரிமை இல்லையா?

ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, குஜராத்தின் சனந்த், நம் மறைமலைநகர் என்று இரண்டு ஆலைகள் இருந்தன. சனந்த் ஆலையை டாடா நிறுவனத்தின் மின்வாகனப் பிரிவு வாங்கி 2023 ஜனவரியில் பொறுப்பேற்றது. தகுதியுள்ள பணியாளர்களுக்கு அங்கேயே வேலை தர முன்வந்தது. அவர்கள் எவரிடமும் போய்த் தங்கள் திறனை விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்திரத்தோடு சேர்ந்து அவர்களும் கைமாறினார்கள். மறைமலைநகரில் பல வாரப் போராட்டத்துக்குப் பிறகு இழப்பீடு கிடைத்தது. பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே வாசல் வாசலாக ஏற வேண்டியிருந்தது. இரண்டு ஊர்த் தொழிலாளர்களின் திறனும் ஒன்றே. ஒரு பக்கத்தில் அதை அறிந்த ஆலை அப்படியே இருந்தது. இன்னொரு பக்கத்தில் அதை அறிந்த ஆலை இல்லாமல் போனது.

மறைமலைநகர் என்ஜின் ஆலையில் உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்றும், 600-க்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கும் என்றும் அறிவிப்பு சொல்கிறது. அந்த வளாகத்தில் முன்பு என்ஜின் பூட்டியவர்கள் சென்னைப் புறநகரெங்கும் பரவியிருக்கிறார்கள். சிலர் வேறு ஆலைகளில் ஒப்பந்த முறையில் இருக்கிறார்கள். சிலர் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மீண்டும் வேலை தருவதில் முன்னுரிமை என்ற சட்ட வாய்ப்பு புதிய தொகுப்பில் ஓராண்டுக்கு மட்டுமே. அவர்களுக்கு அது என்றோ முடிந்த கதை. 2022-இல் 35 வயதில் வெளியே வந்த ஒருவர் 2029-இல் 42 வயதில் அதே வாசலில் வந்து நிற்கலாம். பாதுகாவலர் அவரிடம் தன்விவரக் குறிப்பைக் கேட்பார். உள்ளே எந்த என்ஜினின் எந்த மறையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அவருடைய கைக்குத் தெரியும். அவர் எடுத்து நீட்டும் காகிதத்தில் பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் இருக்கும்.